வீட்டு வாசலிலிருந்து சந்தை வரை

(‘அன்றாடப் பயணத்தில் நடையும் சைக்கிளும்: நம் பேட்டைகள் தயாரா?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



‘நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியின் பொருளை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டு வரவேற்பறையில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லிவிட்டுப் பிறகு தலைப்புக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 78. கைத்தடி ஊன்றிக்கொண்டு, தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் பேட்டையில் இருக்கும் சந்தைக்கு நடந்து போவார். பத்து நிமிட நடை. அவர் நடந்தால் இருபது நிமிடம். ஒரு கட்டுக் கீரை வாங்குவார். மீன்கடைச் சீனப் பாட்டியிடம் அரைகுறை மலாயில் நலம் விசாரிப்பார். உணவங்காடியில் ஒரு தேநீர். பிறகு திரும்பி வருவார். அந்தக் கீரைக் கட்டு இல்லாமல் எங்கள் வீட்டுச் சமையல் நின்றுவிடாது. ஆனால் அந்த நடை இல்லாவிட்டால் அம்மாவின் நாள் நின்றுவிடும். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை, எங்கள் பக்கத்துப் புளோக்கின் முனையில் அம்மா திரும்பும்போது எதிரே ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் உயர்நிலை இரண்டில் படிக்கும் பையன். வேகமாகக்கூட வரவில்லை. ஆனால் அந்த முனையில் சுவர் மறைக்கிறது. போதாததற்குச் செடி வேறு வளர்ந்திருந்தது. அவனுக்கு அம்மா தெரியவில்லை. அம்மாவுக்கு அவன் தெரியவில்லை. கைப்பிடி தோளில் இடித்து அம்மா கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அந்தப் பையன் ஓடிவிடவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான். “அழுவாதப்பா தம்பி, எனக்கு ஒண்ணும் இல்ல” என்று என் அம்மாதான் அவனுக்கு ஆறுதல் சொன்னாராம். அன்று சனிக்கிழமை. அவன் துணைப்பாட வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஏன் நடைபாதையில் ஓட்டினாய் என்று நான் மருத்துவமனையில் கேட்டேன். “ரோட்ல பஸ்ஸும் லாரியும் போகுது அங்கிள், அம்மா ரோட்ல போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றான். நானும் என் மகளிடம் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எலும்பு இரண்டு மாதத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் அம்மா வெளியே போகவில்லை. பயம். நான்கு மாதம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கீழே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. மருத்துவர், “உடம்பில் குறை ஒன்றும் இல்லை, நடக்கச் சொல்லுங்கள்” என்றார். எங்கே நடப்பது? அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த வழி அவருக்குப் பகையாகிவிட்டது.

நேயர்களே, இன்று நான் பேசப்போவது இதைப் பற்றித்தான். நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் உடற்பயிற்சி என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாரக் கடைசியில் ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம். அது நல்லதுதான். ஆனால் சந்தைக்கும் பள்ளிக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் போவது உடற்பயிற்சி அன்று, அது போக்குவரத்து. அதற்கு வழி செய்து தருவதும், செய்த வழியைக் காத்துத் தருவதும் பேட்டையை நிர்வகிப்பவர்களின் கடமை. முதல் பாதி நமக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது. இரண்டாவது பாதியில்தான் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்பது என் கருத்து.

அஞ்சடிக்கு வந்த கலவரம்

இது புதிய பிரச்சினை என்று நினைக்காதீர்கள். பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையை நம் மக்கள் ‘அஞ்சடி’ என்பார்கள். 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கான கட்டளைகளை வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையோடு கூடிய தாழ்வாரம் இருக்கவேண்டும், அது தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ந்து எல்லாரும் நடக்கத் திறந்திருக்கவேண்டும் என்று சேர்த்தார். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. நாம் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கூரை போட்ட நடைபாதைக்கு அதுதான் பாட்டன்.

ஆனால் என்ன நடந்தது? கடைக்காரர்கள் அஞ்சடியில் சாமான்களை அடுக்கினார்கள். முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர், பலகாரம் விற்பவர் என்று எல்லாரும் அங்கே பிழைப்பு நடத்தினார்கள். நடப்பவர் சாலையில் இறங்கி மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் நடுவே போகவேண்டியதாயிற்று. 1887ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சி அஞ்சடிகளைக் காலி செய்யப் புறப்பட்டது. 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டன, கல்வீச்சு நடந்தது, டிராம் வண்டிகள் நின்றன. ‘தாழ்வாரக் கலவரம்’ என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கடைசியில் இரு தரப்பும் இறங்கி வந்தன. நடப்பவருக்கு வழி விட்டுவிட்டு மீதி இடத்தைக் கடைக்காரர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. லிட்டில் இந்தியாவில் தீபாவளி நேரத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அந்தச் சமரசம் எந்த அளவில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தாய், அரிசி மூட்டைக்கும் துணி அடுக்குக்கும் நடுவே நுழைய முடியாமல் சாலையில் இறங்குகிறார். நான் கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. இடத்துக்கு அவர்கள் கொடுக்கும் வாடகை அவர்களுக்குத்தான் தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். நடைபாதையில் ஒருவருடைய பிழைப்பும் இன்னொருவருடைய வழியும் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலை ஒரு முறை தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. தினமும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் உள்ளூர் நிர்வாகம்.

தெம்பனிஸ் காட்டிய வழி

சைக்கிள் நமக்குப் புதிதா? என் வயதுக்காரர்களுக்கு ரொட்டிக்காரரின் சைக்கிள் மணி இன்றும் காதில் ஒலிக்கும். பால்காரர் சைக்கிளில் வந்தார். தபால்காரர் சைக்கிளில் வந்தார். அப்போது அது ஏழையின் வாகனம். வசதி வந்ததும் அதை விட்டுவிட்டுக் காருக்குப் போனோம். இன்று நம் தீவின் நிலத்தில் சுமார் 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொள்கின்றன. வீடுகளுக்குப் போயிருப்பது சுமார் 14 விழுக்காடுதான். வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990லேயே வந்துவிட்டது. 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் பூஜ்யம். ஆக, கார் எல்லாருக்கும் கிடைக்கப்போவதில்லை என்பது முடிவான செய்தி. அப்படியானால் வீட்டுக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் இடையே உள்ள அந்த ஒரு கிலோமீட்டரை மக்கள் எப்படிக் கடப்பார்கள்? நடந்து, அல்லது மிதித்து.

இதை முதலில் முறையாக எடுத்துச் செய்த பேட்டை தெம்பனிஸ். அங்கே பலர் நடைபாதையில் சைக்கிள் ஓட்டினார்கள்; சட்டப்படி அது குற்றம். தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. 2007ஆம் ஆண்டில் நகர மன்றமும் நிலப் போக்குவரத்து ஆணையமும் போக்குவரத்துப் போலிசும் சேர்ந்து, நடப்பவரும் சைக்கிளோட்டியும் ஒரே பாதையைப் பகிர முடியுமா என்று சோதனை செய்தன. தொண்டூழியர்கள் பாதையில் நின்று, வேகமாகப் போகிறவர்களை நிறுத்தி எடுத்துச் சொன்னார்கள். 2010 மார்ச் மாதத்தில் நகர மன்றத்தின் துணைவிதி மூலம் அங்கே நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது சட்டபூர்வமாயிற்று. அப்படித்தான் தெம்பனிஸ் நம் முதல் சைக்கிள் நகரமானது.

இதில் நான் பாராட்டுவது துணைவிதியை மட்டும் அன்று. விதி போட்டதோடு விடாமல் ஆட்களை நிறுத்தினார்கள் பாருங்கள், அதை. அண்டைவீட்டு அண்ணன் ஒருவர் நின்று, “தம்பி, இங்க இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ” என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு அறிவிப்புப் பலகைக்கு இல்லை.

தெம்பனிஸ் தொடங்கியது பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. நடமாட்டத்துக்கான தனிச் சட்டம் 2017ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 மே மாதம் நடப்புக்கு வந்தது. நடைபாதையில் வேகவரம்பு முதலில் மணிக்கு 15 கிலோமீட்டர். 2019 பிப்ரவரியில் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. இதற்குள் மின்ஸ்கூட்டர்கள் வந்து நிறைந்துவிட்டன. சைக்கிளையும் முதியவரையும் ஒரே பாதையில் விடுவதே சிரமம். அதில் இயந்திரமும் சேர்ந்தது. விபத்துகள் நடந்தன, உயிரும் போனது. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது.

அந்தத் தடை வந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 7,000 உணவு விநியோக ஊழியர்கள் மின்ஸ்கூட்டரை நம்பிப் பிழைத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்கும் இடங்களில் கூட்டம் கூட்டமாகப் போய் நின்றார்கள். வேறு வாகனத்துக்கு மாற 7 மில்லியன் வெள்ளி உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனக்கு அப்போது 1888தான் நினைவுக்கு வந்தது. அன்று அஞ்சடியில் பலகாரம் விற்றவர். இன்று நடைபாதையில் பலகாரம் கொண்டுபோகிறவர். இருவர் மேலும் தவறு சொல்ல முடியாது. பல இடங்களில் ஒன்றரை மீட்டர் அகலமே இருக்கும் பாதையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் அனுசரித்துப் போங்கள் என்று சொன்னால், கடைசியில் விழுபவர் கைத்தடி பிடித்தவர்தான்.

இப்போது பாதையைப் பிரிக்கும் வேலை நடக்கிறது. 2020ல் சுமார் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதைகளை 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக்குவது திட்டம். 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடும் நடைபாதை நடப்பவருக்கு மட்டும் என்று விதி வந்துவிட்டது. இது மிக நல்ல முடிவு. பாட்டிக்கும் பேரனுக்கும் சண்டை மூட்டாமல் இருவருக்கும் தனித்தனியே இடம் கொடுப்பதுதான் சரியான வழி.

ஒரு மீனுருண்டைக் குச்சி

ஆனால் பாதையைப் பிரித்துப் போடுவதோடு வேலை முடிவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீனுருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். புக்கிட் கோம்பாக்கில் ஒரு பாதை ஓரத்தில் யாரோ சாப்பிட்டுப் போட்ட குச்சி கிடந்தது. அதை எடுக்க நாளாயிற்று. விசாரித்தால், சரிவு ஓர் அமைப்பின் பொறுப்பு. நடுவில் உள்ள பூங்கா இணைப்புப் பாதை இன்னோர் அமைப்பின் பொறுப்பு. சாலையை ஒட்டிய பகுதி நகர மன்றத்தின் பொறுப்பு. குச்சி எங்கே கிடக்கிறது என்று பார்த்தால்தான் யார் எடுப்பது என்று தெரியும். அரங்கில் எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் நகராண்மைச் சேவைகளை ஒருங்கிணைக்கும் அலுவலகம் அமைக்கப்பட்டது. 2015ல் ‘ஒன்சர்விஸ்’ செயலியும் வந்தது. எந்தக் குறையானாலும் ஒரே இடத்தில் சொன்னால் போதும், உரியவரிடம் அது போய்ச் சேரும்.

நடப்பவர் படும் பாடு அந்தக் குச்சியின் கதைதான். என் அம்மா மின்தூக்கியிலிருந்து இறங்கிப் புளோக்கின் கீழ்த்தளம் வழியே போகிறார். அது நகர மன்றத்தின் பராமரிப்பில் உள்ள இடம். பிறகு சாலையோர நடைபாதை. அது நிலப் போக்குவரத்து ஆணையத்தினுடையது. பிறகு கால்வாய் ஓரமாகப் பூங்கா இணைப்புப் பாதை; அது தேசியப் பூங்காக் கழகத்தினுடையது. நிர்வாகத்துக்கு அது மூன்று பாதை. அம்மாவுக்கு அது சந்தைக்குப் போகும் ஒரே வழி.

அம்மா விழுந்த பிறகு நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அந்த முனையைச் சரிசெய்யக் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். அந்த இடம் யாருடையது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்களாகவே ஊகித்து, சம்பந்தமில்லாத இடத்துக்கு எழுதி, பதில் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். தவறு எங்களுடையதுதான். பிறகு ஒருவர் செயலியில் படத்தோடு பதிவு செய்தார். வந்து பார்த்தார்கள். செடியை வெட்டினார்கள். முனையில் ஒரு குவியாடி வைத்தார்கள். தரையில் ‘மெதுவாகச் செல்க’ என்று எழுதினார்கள். அவ்வளவுதான். மேம்பாலம் கட்டவில்லை, கோடிக்கணக்கில் செலவழிக்கவில்லை. அந்தச் சின்ன வேலை முன்பே நடந்திருந்தால் என் அம்மாவின் நான்கு மாதம் வீணாகியிருக்காது.

குரோனிங்கன் செய்த துணிச்சல்

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், கார் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பார்கள் என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். உண்மைதான். நெதர்லாந்தில் குரோனிங்கன் என்று ஒரு நகரம். 1970களில் அங்கேயும் கார் பெருகி நகர மையம் திணறியது. மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற இளம் நகர நிர்வாகி ஒரு திட்டம் கொண்டுவந்தார். நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நேரே போக முடியாது. வெளியே போய்ச் சுற்றுச் சாலை வழியாகத்தான் வரவேண்டும். நடப்பவரும் சைக்கிளோட்டியும் மட்டும் நேரே போகலாம். 1977ல் ஒருவழிப் பாதைகளும் அறிவிப்புப் பலகைகளும் வைத்துப் பெரிய கட்டுமானம் இல்லாமலே இதைச் செய்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகராட்சி பின்வாங்கவில்லை. இன்று அந்த நகருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கும் மேல் சைக்கிளில்தான்.

அங்கே குளிர், இங்கே வெயில் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. நான் சொல்ல வருவது காலநிலையை அன்று. ஹாலந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்களும் ஒரு காலத்தில் காருக்கு நகரத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உள்ளூர் நிர்வாகத்தின் முடிவால் திரும்பப் பெற்றவர்கள்தான். இது பழக்கத்தின் விளைவு என்பதைவிட ஏற்பாட்டின் விளைவு.

வெயிலுக்கு நாமும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவில் பள்ளி, மருந்தகம், குடியிருப்பு வரை கூரை போட்ட பாதைகள் அமைக்கும் திட்டம் 2013ல் அறிவிக்கப்பட்டு, 2018க்குள் சுமார் 200 கிலோமீட்டர் கூரைப் பாதை போடப்பட்டது. முதியவர் தம் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்பான்; இந்த வசதி 2009ல் தொடங்கியது. கார்கள் வேகம் குறைக்கவேண்டிய மூத்தோர் பாதுகாப்பு வட்டாரங்கள் 2014 முதல் இருக்கின்றன. இவ்வளவு செய்த நாட்டில் மீதியும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறேன்.

மூன்று வேண்டுகோள்கள்

உள்ளூர் நிர்வாகத்திடம் என் வேண்டுகோள்கள் மூன்றே மூன்று.

முதலாவது, கடைசி நூறு மீட்டரைப் பாருங்கள். நீண்ட சிவப்புச் சைக்கிள் பாதை அழகாக வருகிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலோ புளோக்கின் அடியிலோ வந்ததும் திடீரென்று முடிந்துவிடுகிறது. அங்கேதான் நடப்பவரும் மிதிப்பவரும் மோதிக்கொள்கிறார்கள். பாதை முடியும் இடங்களையும் சுவர் மறைக்கும் முனைகளையும் முதலில் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, சைக்கிளை நிறுத்த இடம் கொடுங்கள். கொடுத்த இடத்தைப் பராமரியுங்கள். பல புளோக்குகளின் கீழே இருக்கும் நிறுத்துமிடங்களில் பாதிக்கு மேல் துருப்பிடித்த, சக்கரம் இல்லாத, சொந்தக்காரர் எப்போதோ வீடு மாறிப் போய்விட்ட சைக்கிள்கள். தினமும் ஓட்டுகிறவருக்கு இடம் இல்லை. அவர் தாழ்வாரத்திலும் படிக்கட்டு ஓரத்திலும் கட்டி வைக்கிறார். அங்கே சக்கர நாற்காலி போக முடிவதில்லை. 2017ல் வாடகைப் பகிர்வு சைக்கிள்கள் வந்தபோது, கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனதால் எவ்வளவு எரிச்சல் வந்தது! 2018ல் உரிமம் கட்டாயமானது. நிறுத்துமிடத்தில் உள்ள குறியீட்டை வருடினால்தான் பயணம் முடியும் என்ற முறையும் பிறகு வந்தது. கண்டித்துக் கேட்டதும் ஒழுங்கு வந்தது. நம் சொந்தச் சைக்கிள்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

மூன்றாவது, பாதையை நடந்து பார்த்துத் திட்டமிடுங்கள். வரைபடத்தில் பாதை நேராக இருக்கும். தரையில் அங்கே ஒரு வடிகால் மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டுமான வேலைக்காகப் பாதையை அடைத்து, ‘மறுபுறம் செல்க’ என்று பலகை வைத்திருப்பார்கள். இளைஞருக்கு மறுபுறம் இருபது அடி. முதியவருக்கு அது இரண்டு சாலை கடக்கும் பயணம். ஆண்டுக்கு ஒரு முறையாவது நகர மன்ற அதிகாரிகளும் அடித்தளத் தலைவர்களும் ஒரு சக்கர நாற்காலிக்காரரோடும், கைத்தடி ஊன்றும் ஒரு பாட்டியோடும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையோடும் பேட்டையைச் சுற்றி வரட்டும். ஒரு காலை நேரம் போதும். என்ன செய்யவேண்டும் என்று அந்த மூவரே சொல்லிவிடுவார்கள்.

நம் பங்கு

நிர்வாகத்தை மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் அது நியாயமில்லை. நானும் சைக்கிளோட்டிதான். எம்ஆர்டி நிலையத்துக்குத் தினமும் மிதித்துத்தான் போகிறேன். அம்மா விழுவதற்கு முன்னால் நான் எப்படி ஓட்டினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். நேரமாகிவிட்டால் மணியை அடித்துக்கொண்டே போவேன். மணி அடித்தால் முன்னால் போகிறவர் விலகவேண்டும் என்பது என் எண்ணம். காது மந்தமான ஒருவருக்கு அந்த மணி கேட்குமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தப் பையனின் இடத்தில் நான் இருந்திருக்கலாம்.

ஆகவே, கூட்டமாக இருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். முனை திரும்பும்போது வேகத்தைக் குறைப்போம். கடை வைத்திருக்கும் அன்பர்கள் ஒரு சக்கர நாற்காலி போகும் அகலமாவது விட்டு வையுங்கள். நடப்பவர்களும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் பாதையில் நடக்காமல் இருப்போம். குறை கண்டால் முணுமுணுக்காமல் படம் எடுத்து அனுப்புவோம். எங்கள் முனைக்குக் கண்ணாடி வந்தது அப்படித்தான்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கண்ணாடி வைத்த மறுநாள் நான் அவரைக் கீழே அழைத்துப் போனேன். முனைக்கு வந்ததும் நின்றார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அதில் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்று தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இரண்டு வாரம் நான் கூடவே போனேன். மூன்றாவது வாரம், “நீ வேலைக்குக் கிளம்புப்பா, நேரமாச்சு. நானே போய்க்கிறேன்” என்றார்.

இப்போது மறுபடியும் எங்கள் வீட்டுக்குக் கீரை வருகிறது. அந்தப் பையனும் அதே வழியில்தான் வகுப்புக்குப் போகிறான். அம்மாவைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்கி, “பாட்டி, நல்லாயிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறானாம். எல்லாப் பேட்டைகளிலும் பாட்டிகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இப்படி வழி கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.